பண்டார அதிகாரியின் நீல அங்கவஸ்திரம்

முன்னொரு காலத்தில் ஆத்தியூர் நாட்டை மாணிக்கவேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் வெள்ளைப் பித்துப் பிடித்தவன். அவன் சபையில் எல்லோரும் வெள்ளைதான் உடுத்த வேண்டும். துணியில் கடுகளவு கறை தெரிந்தாலும் வெளியே போய் வெயிலில் உட்கார வேண்டியதுதான். அப்படி உட்கார்ந்து மண்டை காய்ந்த தளபதிகள் உண்டு.

அரண்மனைத் துணிகளை வெளுத்தவள் சிலம்பாயி. உவர்மண் தேய்த்து, வெள்ளாவி வைத்து, ஆற்றுத் துறையில் அவள் அலசி எடுத்தால் மல்லிகைப் பூவே வெட்கப்படும். அப்பேர்ப்பட்டவள் கையிலிருந்து ஒரு நாள் ராஜாவின் வேட்டி இளநீலமாக வந்து சேர்ந்தது.

"இது என்ன, எனக்கு மயில் வேஷமா?" என்று குதித்தான் ராஜா.

பக்கத்தில் நின்ற, அரண்மனைக் கஜானாவைக் கவனிக்கும் பண்டார அதிகாரி பரஞ்சோதிக்கு வாய் சும்மா இருக்குமா? "மகாராஜா, இவளுக்குக் கைப்பக்குவம் போய்விட்டது. துறையைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுங்கள்" என்றார்.

சிலம்பாயி கும்பிட்டாள். "என் கையில குத்தமில்ல சாமி. தண்ணியே நீலமா வருது. மேல சாயப்பட்டறைக்காரங்க பழைய சாயத்தையெல்லாம் ஆத்துல கவுத்துடுறாங்க. ஒரு துணியை மூணு தரம் வெளுக்கிறேன். இந்தத் துறையும் போயிட்டா என் பிள்ளைங்க சோத்துக்கு எங்க போகும்?"

அந்தப் பட்டறைகளில் பெரியது யாருடையது தெரியுமா? சாட்சாத் பரஞ்சோதியுடையதுதான்.

ராஜாவுக்குக் கோபம் திசை மாறியது. "அப்படியா சேதி! இன்று முதல் என் நாட்டில் யாரும் சாயமே போடக் கூடாது!"

ஆறு தெளிந்தது, ஊர் கலங்கியது. சாயம் போடுகிற வீடுகளில் அடுப்பு எரியவில்லை. தேர்த் திருவிழாவுக்குக் கொடி, தோரணம் எல்லாமே வெள்ளை. "ஊரில் இழவா விழுந்திருக்கிறது?" என்று கேட்டுவிட்டு மகாராணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ராஜா நாக்கைக் கடித்துக்கொண்டான். தடையை அன்றே எடுத்துவிட்டு மந்திரி இளநாகரைக் கூப்பிட்டான். "சாயமும் நடக்க வேண்டும், என் வேட்டியும் வெளுக்க வேண்டும். இரண்டு பௌர்ணமிக்குள் வழி செய்யும். தவறினால் உம்முடைய மந்திரி மோதிரம் பரஞ்சோதிக்கு. சிலம்பாயியின் துறை வேறு ஆளுக்கு."

பல வருஷமாக அந்த மோதிரத்தின் மேல் கண் வைத்திருந்த பரஞ்சோதி, இப்போதே விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மந்திரி அவரிடம் திரும்பினார். "ஐயா, நீலச் சாயம் எடுக்கிற அவுரி இலைக்கு விலை கொடுக்கிறீர்களா?"

"கொடுக்காமல்?"

"ஆட்களுக்குக் கூலி?"

"வாரா வாரம்!"

"பழைய சாயத்தை ஆற்றில் கொட்டுவதற்கு?"

பரஞ்சோதி சிரித்தார். "அதற்கு எதற்கய்யா விலை? ஆறு பொதுச் சொத்து."

"அந்த விலையைத்தான் சிலம்பாயி கொடுத்துக்கொண்டிருக்கிறாள்" என்றார் மந்திரி.

மறுநாள் பறை அறைந்தார்கள். ஆற்றில் கவிழ்க்கும் ஒவ்வொரு சால் சாயத்துக்கும் ஒரு பணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் துறையில் பாடுபடுகிறவர்களுக்கு. குழி வெட்டித் தேக்கிக்கொண்டால் ஒரு காசும் வேண்டாம்.

சின்னப் பட்டறைக்காரர்கள் முதல் வாரம் முனகிக்கொண்டே கட்டினார்கள். இரண்டாம் வாரம் மண்வெட்டியைத் தேடினார்கள். குழியின் அடியில் தங்கிய நீல வண்டலை வழித்து மறுபடி சாலில் போட்டால் சாயம் பிடித்தது! இத்தனை நாளும் சொந்தக் காசையே ஆற்றில் விட்டிருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்கள்.

பரஞ்சோதி பணமும் கட்டவில்லை, குழியும் வெட்டவில்லை. வெட்டிவிட்டதாகச் சொன்னார், அவ்வளவுதான். பண்டார அதிகாரியின் பட்டறைக்குள் எட்டிப் பார்க்க எந்தக் காவலனுக்குத் தைரியம் வரும்? தண்ணீரில் நீலம் குறைந்தது, ஆனால் போகவில்லை.

இரண்டாம் பௌர்ணமியும் வந்தது. "மந்திரியின் யோசனை பலிக்கவில்லை மகாராஜா. ஆறு இன்னும் நீலம்தான்" என்றார் பரஞ்சோதி.

"உங்கள் பட்டறையிலிருந்து வருகிறதோ?" என்றார் மந்திரி.

"ஒரு சொட்டு வராது! இந்தச் சபை அறியச் சத்தியம்!"

"போதும், ஐயா வாக்கே போதும். தோளில் கிடக்கிற அந்த அங்கவஸ்திரத்தை மட்டும் கொடுங்கள். உங்கள் பட்டறை வாய்க்கால் ஆற்றில் விழுகிற இடத்தில் சிலம்பாயி ஒரு முக்கு முக்கிக் கொண்டுவரட்டும்."

பரஞ்சோதி அங்கவஸ்திரத்தைக் கழற்றிக் கொடுத்தார். சத்தியம் செய்த வாயால் எப்படி மறுப்பது? காவலனோடு போன சிலம்பாயி ஒரு நாழிகையில் திரும்பினாள். அங்கவஸ்திரம் மயில் கழுத்து நிறத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அழகாக இருக்கிறது. போட்டுக்கொள்ளும்" என்றான் ராஜா. "கறை பட்டவருக்கு இடம் எங்கே என்று தெரியுமல்லவா? கவிழ்த்த சாலுக்கெல்லாம் இரட்டிப்பாகப் பணம் கட்டும். அங்கவஸ்திரம் வெளுக்கும்வரை வெளியே உட்காரும்."

நீலத்தை வெளுக்க நாட்டிலேயே சிலம்பாயி ஒருத்தியால்தான் முடியும். தண்ணீர் தெளிந்தால்தான் அவளாலும் முடியும். அன்று மாலையே பரஞ்சோதியின் பட்டறையில் குழி வெட்டுகிற சத்தம் கேட்டது. பக்கத்துப் பட்டறைக் குழிகள் ஒழுகாமல் இருக்கின்றனவா என்றுகூட அவரே போய்ப் பார்த்தார்.

ராஜா சிலம்பாயிக்குப் பட்டுப்புடவையும், துறையைப் பரம்பரை பாத்தியமாக எழுதிய செப்பேடும் கொடுத்தான். அவள் மந்திரியின் முன் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. "என் பிள்ளைங்க சோறு திங்குற நாளெல்லாம் உங்களை நெனப்பேன் சாமி" என்றாள்.

நான்காவது பௌர்ணமிக்குத்தான் அங்கவஸ்திரம் வெளுத்தது. அதை வாங்கத் துறைக்கு வந்த பரஞ்சோதி, வெயிலில் கறுத்த முகத்தோடு, "கூலி எவ்வளவு அம்மா?" என்று கேட்டார்.

"நீங்க ஆத்தைத் தெளிய விட்டீங்களே, அதுவே போதும்யா" என்றாள் சிலம்பாயி.

பரஞ்சோதி அவளைக் கும்பிட்டார். பிறகு குனிந்து ஆற்றில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். அந்தத் தண்ணீரை அவர் குடித்தது அதுதான் முதல் தடவை.