மாமன் கழுத்துத் தாலி

ஒட்டங்குளத்து ஆட்களை முட்டாள்கள் என்று சுற்றுப்பட்டில் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். என் பெண்சாதி அந்த ஊர்க்காரி. யார் எதைச் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்கிற வெள்ளை மனசு அவர்களுக்கு, அவ்வளவுதான்.

ஒரு கோடையில் வியாபாரி ஒருவன் வந்து மழையைச் சாக்கில் கட்டி விற்றான். "இப்ப அவுத்தா வராது. வானம் கறுத்து, காத்தடிச்சு, இடி இடிக்கிறப்ப அவுங்க. கொட்டும்" என்றான். ஊரே சேர்ந்து ஒரு கிடாயைக் கொடுத்து வாங்கியது. ஐப்பசியில் வானம் கறுத்தது. சாக்கை அவிழ்த்தார்கள். கொட்டு கொட்டென்று கொட்டியது. அப்படி ஒரு யோக்கியனான வியாபாரியை அதற்குப் பிறகு பார்க்கவில்லை என்று இன்றைக்கும் சொல்லிக் குறைப்படுகிறார்கள்.

இந்தக் கதை நாலு ஊருக்குப் பரவியதில் அடிபட்டவன் கட்டமுத்து. நல்ல உழைப்பாளி. ஆனால் காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் அவனுக்குப் பெண் கொடுக்க ஆளில்லை. கடைசியில் மேலக்கரை இருளப்பன் மகள் வெள்ளைத்தாய் சம்மதித்தாள். அவளுக்கு அத்தை மகன் ஒருவன் இருந்தான். உலகத்தில் உள்ளதெல்லாம் தனக்குத் தெரியும் என்று பேசுகிறவன். சோறு குழைந்திருந்தால் எடுத்துச் சாப்பிட மாட்டான். ஏன் குழைந்தது என்று விளக்கம் சொல்வான். "காலம் பூரா இவன் பேச்சைக் கேக்குறதுக்கு, சாக்குல மழை வாங்குனவனோட பொழைச்சிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

பரிசம் போட்ட அன்று இருளப்பன் கண்டிப்பாகப் பேசினார்.

"வைகாசியில முகூர்த்தம். ஆனா ஒண்ணு. இனிமே யார் பேச்சையும் நம்பிக் காரியம் பண்ணாதீக. நம்புறது வேற, தெரிஞ்சுக்கிறது வேற. எதையும் தெரிஞ்சுக்கிட்டுச் செய்யுங்க. அன்னிக்கு முகூர்த்தம் தப்புச்சுன்னா, என் அக்கா மகன் குளிச்சு முழுகித் தயாரா நிப்பான். பாத்துக்கங்க."

கட்டமுத்து ஊர் திரும்பியதும் தன் தாய்மாமன் மொக்கையனையும் சித்தப்பா வெயிலானையும் உட்கார வைத்துக் கேட்டான். மொக்கையன்தான் ஊருக்குப் பெரியவர். மீசை பெரிது, தலை அதைவிடப் பெரிது.

"மாமா, நம்புறதுக்கும் தெரிஞ்சுக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்?"

மொக்கையன் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "வெல்லம் இனிக்கும்னு உங்க சித்தப்பன் சொன்னா, அது நம்புறது. நானே தின்னு பாத்தா, அது தெரிஞ்சுக்கிறது."

"நான் பொய்யா சொல்லப் போறேன்?" என்று வெயிலானுக்கு வருத்தம். வெல்லம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆளுக்கொரு கட்டி தின்று தெரிந்துகொண்ட பிறகுதான் சமாதானம் ஆனார்.

கல்யாணத்தன்று கோழி கூப்பிட எழுந்து, மஞ்சள் கயிற்றில் கோத்த பொன்தாலியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மூவரும் கிளம்பினார்கள். வாசல்படி இறங்கும்போது மொக்கையனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"மருமகனே, ஒனக்குத் தாலி கட்டத் தெரியுமா?"

"தெரியும் மாமா."

"முன்ன பின்ன கட்டிருக்கியா?"

"எங்க கட்டுனேன்? அதுக்குத்தான போறோம்."

"அப்பத் தெரியாது. தெரியும்னு நம்பிக்கிட்டு இருக்க. இது ஆகாது."

கட்டிப் பார்த்துவிட்டுப் போவது என்று முடிவாயிற்று. யாருக்குக் கட்டுவது? வெயிலான் ஆட்டுக்குட்டி ஒன்றைப் பிடித்து வந்தார். "வேணாம்" என்றார் மொக்கையன், "அது பொட்டைக்குட்டி. வாயில்லா சீவனை ஏமாத்துன மாதிரி ஆயிரும். என் கழுத்துல கட்டு. மாமன்னா ஒரு வம்பும் இல்ல."

மேளம் இல்லாமல் கட்டினால் அது சரியான சோதனை ஆகாதே. வெயிலான் குடத்தைக் கவிழ்த்து வாசித்தார், அட்சதையும் போட்டார். கட்டமுத்து மூன்று முடிச்சு போட்டான். இறுக்கிப் போட்டான்.

"தெரிஞ்சிருச்சு!" என்று மூவரும் கட்டிக்கொண்டார்கள். கட்டமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவுத்துப் பெட்டியில வச்சிரவா மாமா?" என்று கேட்டான்.

"மூடுன பெட்டிக்குள்ள இருக்குன்னு நம்பிக்கிட்டே நடக்கச் சொல்றியா? என் கழுத்துல கெடந்தா எனக்கே தெரியும்ல." பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு நடந்தார்கள்.

வழியில் ஆறு. அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர், "முழங்கால் தண்ணிதான், வாங்க" என்று கூப்பிட்டார்.

"நம்பாத" என்றார் மொக்கையன். "ஆழம் தெரியாம காலை விடக் கூடாதுன்னு பெரியவுக சொல்லிருக்காக."

"காலை விடாம ஆழம் எப்படித் தெரியும்?" என்றார் வெயிலான்.

இது நியாயமான கேள்வி. மூவரும் கரையில் குந்திவிட்டார்கள். வெயில் ஏறியது. கட்டமுத்து வானத்தைப் பார்த்தான், மாமனைப் பார்த்தான். அந்நேரம் அத்தை மகன் தலை சீவிக்கொண்டிருப்பானே என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. மருமகன் முகத்தைப் பார்த்ததும் மொக்கையனுக்குப் புத்தி வேலை செய்தது.

"காலைத்தானடா விடக் கூடாதுன்னாக? தலையை விட வேணாம்னு யாரும் சொல்லலையே?"

சொன்னதோடு நிற்கவில்லை, கையையும் தலையையும் முன்னால் விட்டு ஆற்றில் இறங்கினார். அவருடைய கால்களில் தண்ணீர் படாமல் வெயிலான் தூக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளே போன மாமன் வெளியே வரவில்லை. குமிழிதான் வந்தது. துணி துவைத்தவர் ஓடிவந்து இழுத்துப் போட்டார்.

"எம்புட்டு ஆழம் மாமா?"

மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஒழுக மொக்கையன் சொன்னார்: "தலைக்கு மேல போகுதுடா. அந்த ஆளு முழங்கால்னாரு பாரு!"

தலைக்கு மேலே போகிற தண்ணீரில் எப்படி இறங்குவது? பாலம் இருக்கிற இடம்வரை சுற்றிக்கொண்டு போனார்கள். நனைந்த மஞ்சள் கயிறு வெயிலில் காய்ந்து காய்ந்து, மூன்று முடிச்சும் ஒரே முடிச்சாக இறுகிப்போனது.

மேலக்கரை போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் முடிகிற நேரம். அத்தை மகன் புது வேட்டி கட்டிக்கொண்டு, கையில் மாலையோடு நின்றான். "வர மாட்டாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று அவன் சொல்லி வாயை மூடுவதற்குள் கட்டமுத்து இரைக்க இரைக்க மணவறையில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

"தாலி எங்கப்பா?" என்றார் இருளப்பன்.

மொக்கையன் பெருமையாகத் தோள்துண்டை விலக்கிக் காட்டினார்.

மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். "கட்டுனது யாரு?" என்று இருளப்பன் கேட்டார்.

"மாப்பிள்ளையேதான். நல்லா கட்டுறான். தெரிஞ்சுக்கிட்டோம்."

அவிழ்க்கப் பார்த்தார்கள். விரலால் ஆகவில்லை, பல்லாலும் ஆகவில்லை. தலைவழியாகக் கழற்ற எண்ணெய் ஊற்றி இழுத்தார்கள். கயிறு மீசைவரை வந்து நின்றுகொண்டது. "அருவாளைக் கொண்டாங்க" என்று இருளப்பன் கத்தினார்.

வெயிலான் மணவறை அதிர அலறினார். "அடப் பாவிகளா! கட்டுனவன் கல்லு மாதிரி உக்காந்திருக்கான். அவன் உசுரோட இருக்கிறப்பவே தாலியை அறுக்கிறதா?"

கூட்டத்தில் இருந்த பெண்களெல்லாம் தங்களை அறியாமல் கழுத்தில் கை வைத்துக்கொண்டார்கள். அருவாள் கொண்டுவந்தவன் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

கட்டமுத்து நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "நான் உசுரோடதான இருக்கேன் சித்தப்பா?"

"இருக்கடா. ஆனா நான் சொல்றேன்னு நம்பாத. எந்திரிச்சு ஒரு எட்டு நடந்து பாரு."

அவன் நிஜமாகவே எழுந்து நடக்க ஆரம்பித்தான். மாலையோடு நின்ற அத்தை மகன் காலியான மணையைப் பார்த்து ஒரு அடி முன்னால் வந்தான். அதைப் பார்த்த வெள்ளைத்தாய், மாப்பிள்ளையின் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"யம்மா, ஒரு மஞ்சத்துண்டை எடுத்து வேற கயித்துல கட்டிக் குடு. மஞ்சளும் தாலிதான். பொன்னை ஆடிப்பெருக்குக்குக் கயிறு மாத்துறப்ப வாங்கிக்கிறேன்."

அப்படியே நடந்தது. மேளம் கொட்டியது. கட்டமுத்து அன்றைக்கு இரண்டாவது முறையாகத் தாலி கட்டினான். பழகின கை அல்லவா, அழகாகக் கட்டினான்.

வெள்ளைத்தாய் ஒட்டங்குளத்துக்கு வந்து சந்தோஷமாகவே குடித்தனம் நடத்தினாள். ஆடிப்பெருக்கு வந்தது. ஊர்ப் பெண்கள் ஆற்றங்கரையில் விளக்கேற்றி, காப்பரிசி படைத்து, பழைய கயிற்றை எடுத்துவிட்டுப் புதுக்கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் கடைசியாக மொக்கையன், தோளில் ஈரத்துண்டோடு, கையில் புதுக்கயிறும் கத்தரியுமாக வந்து நின்றார்.

வெள்ளைத்தாய் கையை நீட்டினாள். புருஷனுடைய தாய்மாமன் அவளுக்குப் பெரியப்பா முறை.

"பெரியப்பா, கத்தரிச்சுப் பொன்னைக் குடுங்க. எனக்குக் கோத்துக்கிறேன்."

"அதெப்படித்தா?" என்றார் மொக்கையன். "இதைக் கட்டுன நாள்லருந்து என் மருமகனுக்கு ஒரு தலைவலி, காச்சல் உண்டா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "இல்ல."

"போன மாசம் பனையிலருந்து விழுந்தானே, செத்தானா?"

"இல்ல. வைக்கோல் போர் மேல விழுந்தாரு."

"அந்த வைக்கோல் போரை அங்க கொண்டாந்து வச்சது எது?"

வெள்ளைத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெரியப்பா, எங்க அப்பன் என்ன சொன்னாரு? இந்தக் கயித்துனாலதான்னு நீங்களா நம்புறீக. ஒங்களுக்குத் தெரியவா செய்யும்?"

"வாஸ்தவம். தெரியாது" என்று மொக்கையன் ஒப்புக்கொண்டார். "கழட்டிப் பாத்தா ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுபோகும். எனக்கு ஒண்ணுமில்லத்தா, நான் மாமன்தான். போனா ஒம்புருஷன் உசுரு. நீயே ஒங்கையால கழட்டிப் பாத்துத் தெரிஞ்சுக்கயேன்."

கத்தரியை அவளிடம் நீட்டி, கழுத்தையும் சாய்த்துக் காட்டினார்.

வெள்ளைத்தாய் கத்தரியைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். தூரத்தில் ஆற்று மணலில் அவளுடைய முளைப்பாரியைத் தூக்கிவரும் புருஷனைப் பார்த்தாள்.

பிறகு கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, குங்குமச் சிமிழைத் திறந்து பெரியப்பாவிடம் நீட்டினாள்.

"மொதல்ல புதுக்கயித்தைக் கட்டிட்டு, அப்புறமாப் பழசை எடுங்க பெரியப்பா. ஒரு நிமிசம்கூட வெறுங்கழுத்தா இருந்துறாதீக."