ஆரஞ்சுக் கூம்புக்கு முன்னால்

"போட்டிப் பட்டியல்லேர்ந்து சீமாட்டி பேரை அடிச்சிடுங்க, மேடம். நாளைக்கு நான் வேற குதிரையில போறேன்."

தணிகாசலம் இதைச் சொன்னபோது, வெண்ணிறப் பெண்குதிரை சீமாட்டி அவருக்குப் பின்னால் நின்று அவருடைய தொப்பியை முகர்ந்துகொண்டிருந்தது.

காவல்துறைக் குதிரைப் படையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆய்வாளர் அவர். மேற்கத்திய முறைக் குதிரையேற்றப் போட்டி ஒன்றிலாவது களமிறங்கிவிட வேண்டும் என்னும் வேட்கை, ஐம்பத்தொன்பதாம் வயதில் அவரைத் தேன்கனிக்கோட்டைக்கு அப்பாலிருந்த இந்தப் பண்ணைக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தது.

பயிற்சியாளர் நஸ்ரீன் அவருடைய மகளைவிட இரண்டு வயது இளையவர்.

"ஏன் சார்?" வேலியின் மேற்கட்டையில் அமர்ந்தபடியே நஸ்ரீன் கேட்டார்.

"நான் சொல்றதுக்கு முன்னாடியே நின்னுடறா."

போட்டியின் விதி எளியது. குதிரை நாலுகால் பாய்ச்சலில் மணற்களத்தின் கோடிக்கு ஓட வேண்டும். அங்கே ஓர் ஆரஞ்சுக் கூம்பு இருக்கும். அதைத் தாண்டிய பிறகே வீரர் "ஹோ" என்பார். குதிரை அக்கணமே பின்னங்கால்களைப் பதித்து, மணலில் இரண்டு நீண்ட கோடுகள் இழுத்தபடி சறுக்கி நிற்கும். கூம்புக்கு முன்னரே நின்றால் மதிப்பெண் குறையும்.

சீமாட்டி மூன்று வாரங்களாகக் கூம்புக்கு முன்னரே நின்றுகொண்டிருந்தது.

"நாற்பது குதிரையைப் பழக்கினவன் நான். இப்படி ஒரு அதிகப்பிரசங்கியைப் பார்த்ததில்லை."

"பட்டியல் நாலு மணிக்குப் போகணும். அதுக்கப்புறம் மாத்த முடியாது."

"அதனாலதான் இப்பவே சொல்றேன்."

"இவளை என்ன பண்றதா உத்தேசம்?"

"ஏரிக்கரையில சவாரிக்கு விட்டுடலாம். வர்றவங்க போறவங்களை முதுகில ஏத்திக்கிட்டு நடக்கட்டும். அங்கே கூம்பு கிடையாது."

நஸ்ரீன் வேலியிலிருந்து இறங்கி லாயத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் கரிய குதிரை ஒன்றின் கயிறு இருந்தது.

"முந்தாநாள் புனேயிலேர்ந்து வந்தது. லாரி அலுப்பு இன்னைக்குத்தான் தீர்ந்திருக்கு. நம்ம களத்தை இன்னும் மிதிக்கலை. மூணு வருஷமாப் போட்டியில ஓடுது, ஒரு தடவைகூட முந்தி நின்னதில்லை."

தணிகாசலத்தின் மீசை துடித்தது.

"இதை முதல்லயே காட்டியிருக்கலாமே, மேடம்."

"உங்க வழக்கப்படியே ஓட்டுங்க."

மெல்லோட்டத்தில் இரண்டு சுற்று. பிறகு, களத்தின் இந்தக் கோடியில் திரும்பி, குதிகாலால் ஒரு தொடுகை.

முதல் பாய்ச்சலிலேயே தொப்பி பறந்தது.

இப்படியொரு வேகத்தைத் தணிகாசலம் முப்பது ஆண்டுகளில் அறிந்ததில்லை. காற்று கண்ணில் நீரை வரவழைத்தது. கீழே குளம்புகள் அதிர, மேலே அவர் நெஞ்சு அதிர்ந்தது. வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது. கூம்பு எலுமிச்சம்பழம் அளவாயிருந்து பூசணிக்காய் அளவானது. நாக்கு நுனியில் "ஹோ" காத்திருந்தது.

கரிய குதிரை பின்னங்கால்களில் அமர்ந்தது.

மணல் இருபுறமும் விசிறியடித்தது. அவர் முன்னே சாய்ந்து அதன் பிடரிமயிரைப் பற்றிக்கொண்டார். புழுதி அடங்கியதும் நிமிர்ந்து பார்த்தார். கூம்பு இன்னும் பத்தடிக்கு அப்பால், குதிரையின் இரு செவிகளுக்கும் நடுவே, நிமிர்ந்து நின்றது.

"மேடம், இதுக்கும் அதே வியாதி."

"இன்னொரு தடவை."

இரண்டாம் முறை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு விரட்டினார். இம்முறை தவறவே கூடாது என்று கூம்பின் மீதே கண்ணை நாட்டினார்.

குதிரை பன்னிரண்டு அடிக்கு முன்பே நின்றது.

நஸ்ரீன் சறுக்கிய கோடுகளின் ஓரமாகவே நடந்து வந்தார். அவர் முகத்தில் கேலி இருந்ததா என்பதைத் தணிகாசலத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஹோ சொன்னீங்களா, சார்?"

"வாயையே திறக்கலை. என்ன ராசியோ, எனக்குன்னு வந்து வாய்க்குது."

"உங்க பரேடுல கோடு போட்டிருப்பாங்களே. அதைத் தாண்டி நின்னா என்ன ஆகும்?"

"மெமோதான்." குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தபடி அவர் சிரித்தார். "முப்பது வருஷத்துல நான் ஒண்ணுகூட வாங்கினதில்லை. என் குதிரையோட குளம்புல ஒரு நாளும் சுண்ணாம்பு ஒட்டினதில்லை. கமிஷனரே கேட்டிருக்கார், எப்படிய்யா இவ்வளவு துல்லியமா நிறுத்துறேன்னு."

"எப்படி நிறுத்துவீங்க?"

"அது ஒண்ணும் பெரிய வித்தையில்லை, மேடம். கோடு கண்ணுக்குப் பட்டதுமே தயாராயிடணும். பத்தடிக்கு முன்னாடியே மூச்சைப் பிடிச்சு, முதுகை லேசாப் பின்னால சாய்ச்சு, முழுப் பாரத்தையும் சேணத்துல இறக்கி..."

அவர் நிறுத்திக்கொண்டார்.

கரிய குதிரை காதுகளைப் பின்னுக்குத் திருப்பி, அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தது.

வேலியோரத்தில் சீமாட்டி புல்லைத் தேடிக்கொண்டிருந்தது. மூன்று வாரங்களாக எத்தனை முறை அதைத் திட்டியிருப்பார், எத்தனை முறை கடிவாளத்தைச் சுண்டியிருப்பார் என்று தணிகாசலம் எண்ண முயன்றார். எண்ணி முடிக்கவில்லை.

நஸ்ரீன் சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்து முன்கையின் மேல் விரித்தார். பேனாவைத் திறந்தார்.

"நாலாக இருபது நிமிஷம் இருக்கு. யார் பேரை அடிக்கட்டும்?"

கரிய குதிரையின் சேணம் காலியாக இருந்தது.

ஐம்பத்தொன்பது வயது ஆய்வாளர் மணலில் கால் புதையப் புதைய ஓடிக்கொண்டிருந்தார். வேலியைத் தாண்டினார். சீமாட்டி தலையைத் தூக்குவதற்குள் ஏறியமர்ந்துவிட்டார்.

"பேனாவை மூடி வைங்க, மேடம்."

அவர் குரல் குளம்போசைக்கு நடுவிலிருந்து வந்தது.