பல்லக்கு இறங்கிய இடம்

கொடுக்கூர் ராஜாவின் அரண்மனைக்குக் கணக்குப்புலி ஏகாம்பரம் வந்தால் சும்மா இறங்கிவிட மாட்டார். அன்றைக்கு வாசலில் ராஜா காத்திருக்க, பல்லக்குக்குள்ளிருந்தே தூக்கிகளைப் பார்த்துக் கத்தினார்.

"எட்டடி முன்னே போங்கடா! அதில் பாதி பின்னே வாங்க. அதிலும் பாதி முன்னே, அதிலும் பாதி பின்னே. இப்படி முடிவில்லாமல் ஆடினால் எந்த இடத்தில் அடங்குமோ, அங்கேதான் இறங்குவேன். இடம் தப்பினால் நாலு பேருக்கும் கசையடி!"

எட்டடி முன்னே, நாலடி பின்னே, இரண்டடி முன்னே, ஓரடி பின்னே என்று பல்லக்கு தொட்டிலாக ஆடியது. அரை அடி ஆச்சு, கால் அடி ஆச்சு. அடுத்து அதிலும் பாதியாக இரண்டு விரல்கடை நகர்ந்ததுமே, முன்கொம்பு தூக்கிய வெள்ளையன், "இறக்குங்கப்பா" என்றான்.

"அதற்குள் முடிந்துவிட்டதாடா?"

"அது எங்கே சாமி முடியப்போவுது? ஆனா இனி எத்தனை ஆட்டம் ஆடினாலும், முந்தி நின்ன இடத்துக்கும் இப்போ நிக்கிற இடத்துக்கும் நடுவிலேதான். அந்த நடு ரெண்டு விரல்கடை. பல்லக்குக் காலு நாலு விரல்கடை. நீங்க கேட்ட இடம் காலுக்கு அடியிலே மாட்டிக்கிச்சுங்க."

"கிட்டத்தட்ட எல்லாம் கணக்காடா? ஆட்டு!"

"ஆட்டுங்கப்பா!"

ஒரு விரல்கடை, அரை விரல்கடை, கால் விரல்கடை. பல்லக்கு குளிர்ஜுரம் கண்டதுபோல் வெடவெடத்தது. தலைப்பாகை கழன்று உருண்டது. புலி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே குதித்தார்.

"போதும்! போதும்டா!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "எப்போது போதும் என்பதை வெள்ளையன் அளந்து சொன்னான். உமக்கு அது தெரிய வாந்தி வரவேண்டியிருக்கிறதே, ஐயா!"