பனியைத் திருப்பிச் சுமந்த அரசி

எல்லோரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஊர்களுக்கெல்லாம் பெயர் வைத்து முடித்துவிட்டு, ஆறுகளுக்கு என்ன பெயர் வைப்பது என்று மனிதர்கள் யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் வடக்கே, மேகங்கள் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், வெண்மேடு என்று ஒரு சின்ன நாடு இருந்தது.

எவ்வளவு சின்னது என்கிறீர்களா? அரண்மனை முரசை அடித்தால் கடைசி வீட்டு ஆடு காதை ஆட்டும். அவ்வளவுதான் நாடு.

அதன் ராஜா கிரிவர்மன். அவன் மனைவி நித்திலை, தெற்கே கடற்கரைப் பட்டினத்து அரசன் மகள். வெயிலில் பிறந்தாள், வெயிலில் விளையாடினாள், வெயிலிலேயே வளர்ந்தாள். கல்யாணமாகி மலையேறி வந்த முதல் ஆண்டே அவளுக்கும் பனிக்கும் ஆகாமல் போயிற்று. காலையில் கதவைத் திறந்தால் பனி. நடந்தால் முழங்காலுக்குப் பனி. அண்ணாந்தால் மூக்கில் பனி. "இந்த வெள்ளைப் பேய் என்றைக்குத்தான் ஒழியுமோ!" என்பாள்.

அந்த ஆண்டு ராஜா ஓர் உடன்படிக்கைக்காகக் கீழ்நாட்டுக்குப் போயிருந்தான். பனி கணவாயை மூடிவிட்டது. பங்குனியில் அது திறந்தால்தான் அவன் திரும்ப முடியும். அதுவரை நாட்டை நித்திலை ஆண்டாள். நன்றாகவே ஆண்டாள். வழக்கு கேட்டாள், களஞ்சியம் பார்த்தாள், நோயாளிகளுக்குக் கஞ்சி அனுப்பினாள். பனியைத் திட்டியதைத் தவிர ஒரு குறையும் சொல்ல முடியாது.

வெண்மேட்டுக்காரர்கள் ஐப்பசியில் வாற்கோதுமை விதைப்பார்கள். விரல் உயரத்துக்கு முளை வரும். அதன்மேல் பனி விழுந்து மூடும். பங்குனியில் பனி கரையும்போது பயிர் பச்சைப்பசேல் என்று எழுந்து நிற்கும். அந்த ஒரு போகம்தான் ஆண்டு முழுவதற்கும் உணவு.

இப்படி இருக்கும்போது, தை மாதத்தின் நடுவில், ஒரு நாள் காலையில் தெற்கிலிருந்து காற்று வந்தது.

வெதுவெதுப்பான காற்று! நித்திலை சன்னலைத் திறந்தாள். முகத்தில் யாரோ உள்ளங்கையை வைத்தது போலிருந்தது. கூரை விளிம்பில் தொங்கிய பனிக்கட்டி ஒன்று 'சொட்' என்றது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு அரண்மனை முழுவதும் சொட்டுச் சொட்டென்று தாளம் போடத் தொடங்கியது.

முதல் நாள் கூரைகள் கறுத்தன. இரண்டாம் நாள் பாதைகள் தெரிந்தன. மூன்றாம் நாள் வயல்களில் அங்கங்கே மண் எட்டிப் பார்த்தது. பள்ளமெல்லாம் ஓடையாயிற்று. ஆடுகள் கொட்டிலை முட்டித் திறந்துகொண்டு ஓடின. பிள்ளைகள் சேற்றில் உருண்டார்கள். கம்பளிகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஆட்கள் வெயிலில் படுத்தார்கள்.

நடுக் குளிர்காலத்தில் இப்படிப் பனி உருகி அந்த நாட்டில் யாரும் கண்டதில்லை, கேட்டதுமில்லை. வயல்மேல் பனியில்லாத ஒரு தை மாதத்தை அவர்கள் பார்த்திருந்தால்தானே, பனி அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்திருக்கும்? ஆகவே எல்லோரும் துள்ளினார்கள். எல்லோரையும்விட அதிகமாகத் துள்ளியது நித்திலைதான்.

"இது எங்கள் கடற்காற்று! என்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறது!" என்று படியிறங்கி ஓடினாள். ஓடிய வேகத்தில் முரசறையச் சொன்னாள். "பாதி வேலையைச் சூரியன் செய்துவிட்டான், மீதியை நாம் செய்வோம்! வயலில் கிடக்கும் பனியை வழித்துப் பள்ளத்தில் கொட்டுங்கள். பயிர் வெயில் குடிக்கட்டும்! இந்த ஆண்டு இரண்டு போகம்!"

இரண்டு போகமா! கேட்க வேண்டுமா? மண்வெட்டி எடுத்தவன் எடுத்தான், பலகை எடுத்தவன் எடுத்தான். பாட்டும் கூத்துமாக வழித்தார்கள். இருட்டுவதற்குள் ஊர் வயல்கள் அத்தனையும் வெறும் மண்ணாகி, இளமுளைகள் வெயிலில் மினுமினுத்தன. அரண்மனை வயல் மட்டும் மதில் நிழலில் இருந்ததால் அதன் பனி உருகவில்லை. அதை நாளைக்கு வழிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள்.

மறுநாள் விடிந்தது. வானம் துடைத்த பளிங்கு மாதிரி இருந்தது. காற்று மட்டும் திசை மாறியிருந்தது. வடக்கிலிருந்து வந்தது.

நித்திலை பச்சையைப் பார்க்கும் ஆசையில் தனியாக வயலுக்கு வந்தாள். துங்கன் என்ற குடியானவனின் வயல் அது. வரப்பை ஒட்டி, வழித்த பனியில் பள்ளத்துக்குப் போகாத மிச்சம் ஒரு சின்னக் குவியலாகக் கிடந்தது. அதை நோக்கித் துங்கனின் ஆட்டு நாய் நடுங்கிக்கொண்டே ஓடி வந்தது. பக்கத்திலேயே காய்ந்த மண் இருந்தது, அதில் படுக்கவில்லை. வைக்கோல் இருந்தது, அதிலும் படுக்கவில்லை. நேரே பனிக் குவியலுக்குப் போய், காலால் பறித்து, குழிக்குள் சுருண்டு, மூக்கை வாலுக்குள் செருகிக்கொண்டது.

நித்திலைக்குச் சிரிப்பு வந்தது. 'பைத்தியக்கார நாய்!'

சிரிப்பு பாதியில் நின்றது. குளிரில் நடுங்கும் நாய் எதற்குப் பனிக்குள் போகிறது?

அவள் மண்டியிட்டாள். குவியலுக்குள் கையை விட்டாள். முழங்கை வரை விட்டாள். அடியில் மண் மெத்தென்று ஈரமாக இருந்தது. அங்கே அகப்பட்ட முளை பட்டுப்போல் வளைந்தது. அதைப் பறித்துக் கையை வெளியே எடுத்து, பக்கத்து வெறும் மண்ணைத் தொட்டாள். கல்! அதிலிருந்த முளையின் நுனி கறுத்திருந்தது. விரல் பட்டதும் கண்ணாடி போல் 'பட்' என்று ஒடிந்தது.

வெள்ளைப் பேய் என்று அவள் திட்டிய பனி, இத்தனை காலமும் பயிருக்குப் போர்வையாக இருந்திருக்கிறது. தூங்கும் பிள்ளையின் போர்வையை அவள் ஊரைக் கூட்டி, பாட்டுப் பாடி, உருவிப் போட்டிருக்கிறாள்.

நுனிதான் கருகியிருக்கிறது, வேர் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் இந்த வாடைக் காற்றில் ஓர் இரவு போனால்?

ஓட்டமாக ஓடினாள் அரண்மனைக்கு. வழியில் அமைச்சர் தேவதரர் எதிர்ப்பட்டார். மூச்சிரைக்கச் சொன்னாள். அமைச்சர் நிதானமானவர். தாடியைத் தடவிக்கொண்டார்.

"அரசியாரே, நேற்று ஒரு கட்டளை, இன்று அதற்கு நேர்மாறாக ஒரு கட்டளை என்றால் நாடு சிரிக்கும். பேசாமல் இருந்துவிடுங்கள். பயிர் போனால் வானம் சதி செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். வானம் மறுத்துப் பேசாது."

நித்திலை ஒரு கணம் நின்றாள். உண்மையைச் சொன்னால் என்ன, அந்த ஒரு கணம் அவளுக்கும் அந்தப் பேச்சு இனிமையாகத்தான் இருந்தது. பிறகு தலையை உதறினாள்.

"சிரிக்கட்டும் அமைச்சரே. சிரிப்பதற்கும் வயிற்றில் கஞ்சி வேண்டுமே!"

முரசுக்காரன் சாப்பிடப் போயிருந்தான். அவளே கோலை எடுத்து முரசை அறைந்தாள். டம்! டம்! டம்! கடைசி வீட்டு ஆடு காதை ஆட்டியது. ஜனங்கள் ஓடி வந்து கூடினார்கள்.

"பனியை வழிக்கச் சொன்னேன். தப்பு செய்துவிட்டேன்" என்றாள் நித்திலை. சுற்றி வளைக்கவில்லை. இரண்டு முளைகளையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள், ஒன்று பச்சை, ஒன்று கருப்பு. "இது பனிக்கு அடியில் இருந்தது. இது வெளியே இருந்தது. பொழுது சாய்வதற்குள் அத்தனை பனியையும் திரும்ப வயலில் போட வேண்டும்."

துங்கன் வெடித்தான்.

"என்ன விளையாட்டா தாயே? இடுப்பு ஒடிய வாரிக் கொட்டினோமே! இப்போது திரும்ப அள்ளுவதா?"

"ஆமாம் துங்கா. கோபப்பட உனக்கு எல்லா நியாயமும் உண்டு. சாயங்காலம் திட்டு, நின்று கேட்டுக்கொள்கிறேன். இப்போது கூடையை எடு."

சொல்லிவிட்டு அவளே ஒரு கூடையை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினாள். முதல் கூடையைத் தலையில் வைத்து ஏறி வந்தாள். பனி உருகிக் காதிலும் கழுத்திலும் வழிந்தது. அதைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தாள் துங்கன் மனைவி சரளை. "கடற்கரை மகாராணி பனி சுமக்கிறாள், நாம் நின்று வேடிக்கை பார்க்கிறோம். வாங்கடி!" என்று கத்திக்கொண்டு இறங்கினாள்.

அவ்வளவுதான், ஊரே இறங்கியது! கூடையில் சுமந்தார்கள், கம்பளியில் கட்டி இழுத்தார்கள், எருதின் முதுகில் ஏற்றினார்கள். பள்ளத்திலிருந்து வயல்வரை வரிசையாக நின்று கைமாற்றினார்கள். "கொடு! வாங்கு! கொட்டு!" என்று ஒரே கூச்சல். நேற்றுப் பனியை விரட்டப் பாடிய அதே பாட்டை இன்று பனியை அழைக்கப் பாடினார்கள். வார்த்தையை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

சூரியன் மேற்கு மலையைத் தொடப்போகும்போதுதான் தகராறு வந்தது. பாதிப் பனி முன்பே தண்ணீராகி ஓடிவிட்டிருந்தது. பள்ளம் காலியாகிவிட்டது. வயல்களோ இன்னும் மிச்சம் இருந்தன.

"என் வயலுக்கு!" என்றான் ஒருவன். "எனக்குத்தான், எனக்கு ஐந்து பிள்ளைகள்!" என்றான் இன்னொருவன். துங்கன் கூடையைப் பிடித்து இழுத்தான். கூடை கிழிந்தது.

"வைக்கோல் கொண்டு வாருங்கள்!" என்றாள் நித்திலை. வைக்கோலைப் பரப்பினார்கள். போதவில்லை. "கூடாரத் துணி!" என்றாள். விரித்தார்கள். போதவில்லை. "அரண்மனைக் கம்பளங்கள்!" என்றாள். ராஜா கால் வைத்து நடந்த கம்பளங்களெல்லாம் வாற்கோதுமை மேல் படுத்தன. அதுவும் போதவில்லை. துங்கன் வயலும் அதையடுத்த இரண்டும் வெறும் மண்ணாகக் கிடந்தன.

நித்திலை சுற்றும் முற்றும் பார்த்தாள். மதில் நிழலில், முழங்கால் உயரத்துக்கு, கைபடாத பனி ஒரே பரப்பாகப் பளபளத்தது. அரண்மனை வயல்.

அமைச்சருக்கு அவள் பார்வை புரிந்துவிட்டது. குறுக்கே வந்து நின்றார். "வேண்டாம் அரசியாரே! அதை எடுத்தால் நம் களஞ்சியத்தில் அடுத்த ஆண்டு எலிகூடக் குடியிருக்காது."

"தப்பு என்னுடையது. அதற்குத் துங்கன் பிள்ளைகளா பட்டினி கிடப்பது?" என்று அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். முதல் வெட்டை அவளே வெட்டினாள்.

கடைசிக் கூடை துங்கன் வயலில் விழுந்தபோது சூரியனின் விளிம்பு மறைந்தது. அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "இப்போது திட்டு."

துங்கன் தலையைச் சொறிந்தான். "எங்கே தாயே, மூச்சு வாங்குகிறது" என்றான்.

அன்று இரவு வந்த குளிரில் கிணற்றுக் கல் பிளந்தது. குளிர் நாள்கணக்கில் நீடித்தது. பிறகு ஒரு காலையில் வானம் மூடி, மெல்ல, பூப்பூவாய், புதுப் பனி விழுந்தது. நித்திலை வெறுங்காலோடு முற்றத்துக்கு ஓடிப் போய், "வா! வா!" என்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

பங்குனி பிறந்தது, கணவாய் திறந்தது. ராஜா கிரிவர்மன் மலையேறி வந்தான். எங்கும் பச்சை. ஊர் வயல்கள் அத்தனையும் பச்சை. அரண்மனை வயல் மட்டும் கரிக்கட்டை போலக் கிடந்தது.

"நம் வயலுக்கு மட்டும் என்ன ஆயிற்று?" என்றான்.

நித்திலை மறைக்கவில்லை. "பனியை வழிக்கச் சொன்னது நான். திரும்பச் சுமக்கச் சொன்னதும் நான். நம் வயலைச் சுரண்டியதும் நான்."

ராஜா வாயைத் திறப்பதற்குள் சரளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "ராஜா, பேச்செல்லாம் அப்புறம். அடுத்த ஆண்டு உங்களுக்குச் சோறு எங்கள் வீட்டில். நாங்கள் முன்பே பேசி வைத்துவிட்டோம். ஒரு நாளைக்கு ஒரு வீடு. முதல் நாள் எங்கள் முறை."

அப்படியே நடந்தது. அடுத்த ஆண்டு அறுவடை வரை வெண்மேட்டு அரண்மனையில் அடுப்பு எரியவில்லை. ராஜாவும் அரசியும் வீடு வீடாகப் போய்ச் சாப்பிட்டார்கள். அமைச்சர் தேவதரரும் பின்னாலேயே போனார், வெட்கப்பட்டுக்கொண்டே இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, யார் வீட்டுக் குழந்தை இருமுகிறது, யார் வீட்டுக் கஞ்சியில் உப்பு அதிகம் என்பதெல்லாம் அந்த ஓராண்டில் ராஜாவுக்குத் தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு அந்த நாட்டில் யாரும் அரண்மனை வாசலில் வந்து நின்று குறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆகவே, கேட்டவர்களே, இதை மனதில் வையுங்கள்: தப்பென்று தெரிந்த நொடியில் ஊரறிய ஒப்புக்கொண்டு, அதன் நட்டத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறவரே ஆளத் தகுந்தவர்.