ஒன்றரை மரக்கால் பதில்

விடுதி வார்டன் அறையில் இருந்த கறுப்புத் தொலைபேசி அடித்தால் மாடி வரை கேட்கும். மணி நின்ற பிறகு ஆயாவின் ரப்பர் செருப்பு சளக், சளக் என்று படியேறி வரும். அது எந்த அறை வாசலில் நிற்கப்போகிறதோ என்று நாற்பது பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டிருப்போம். எழுபத்திரண்டாம் வருடம், திருச்சியில். நான் அங்கிருந்த மூன்று வருடத்தில் அந்தத் தொலைபேசி ஒரு நாளும் கெட்டுப்போனதில்லை. அதனால் 'போன் சரியில்லை' என்று ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொள்ள வழியே இல்லாமல் இருந்தது. எனக்கு அந்த வசதி எழுபது வயதில்தான் கிடைத்தது.

விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் தையல்நாயகி. கவியரங்கக் கோப்பைகளை நான் வாங்குவேன், அவள் கைதட்டுவாள். பிறகு நான் திருச்சியிலேயே வரலாறு டீச்சராகிப் பிள்ளைகளுக்குப் பானிபட் போர்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் மாயவரத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். கவிதை எழுதுகிறாள் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் எழுபதாவது வயதில், ஓர் ஐப்பசியில், முதல்முறையாகப் புத்தகம் போடப்போகிறேன் என்று சொல்லி, அறுபது பக்கத்தை என் போனுக்கு அனுப்பி, முன்னுரை கேட்டாள்.

நாலு மாதம் நான் எழுதவில்லை. மாசியில் புத்தகம் அச்சுக்குப் போகிறது என்று காதில் விழுந்தது. பஸ் பிடித்துப் போய் அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன்.

"வா" என்றாள். ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த 'வா'வுக்குப் பின்னால் 'டி' இல்லை. செய்தித்தாளை விரித்து, கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய நாத்தனார் ராஜாமணி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தாறு வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். போன்மேல் பழி போட வந்தவளுக்கு இவளைவிட மோசமான ஆள் எதிரில் உட்கார முடியாது.

"என் போன் இருக்கே," என்று ஆரம்பித்தேன்.

"இருக்கா?" என்றாள் ராஜாமணி. "நாங்க தொலைஞ்சு போச்சுன்னுல்ல நினைச்சோம்."

"இருக்கு. ஆனா ஆமை. வாட்ஸப்பைத் தொட்டுட்டு உலை வச்சா, சோறு வடிச்சு, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவுத்துட்டு வரும்போதுதான் திறக்கும்."

"குக்கர் சோறா, வடிச்ச சோறா?"

"வடிச்சது. பழைய அரிசி."

"அப்ப ஒன்றரை மணி நேரம். மேல சொல்லுங்க டீச்சர்."

தையல்நாயகி தலை நிமிரவில்லை. "ஒரு பதில் வந்துதே," என்றாள், காயிடம் பேசுவதுபோல. "'உன் கவிதைகள் எருமை'ன்னு."

அது மட்டும் நிஜம். நாலு மாதத்தில் நான் அனுப்பியது அந்த ஒரு வரிதான். வாயால் சொன்னால் போனே எழுதிக்கொள்ளும் என்று யாரோ கற்றுக்கொடுத்திருந்தார்கள். நான் 'அருமை' என்றேன். அது 'எருமை' என்று எழுதியது. பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

"அண்ணி ரெண்டு நாள் சரியா சாப்பிடல," என்றாள் ராஜாமணி. "மூணாம் நாள் எல்லாக் கவிதையையும் திரும்பப் படிச்சாங்க, எங்கயாவது எருமை வருதான்னு."

"அதுக்குக் காது கேக்காது ராஜாமணி. சூட்டுல காது அடைச்சுப் போச்சு. என்ன சூடுங்கிறீங்க? ஐப்பசி அடைமழையில எங்க தெருவுல எட்டு வீட்டு வடாம் அது மேலதான் காஞ்சுது. சரி, தையலுக்குப் பதில் எழுதலாம்னு எடுத்தா, பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடிச்சுக்கிறா. இன்னும் ஒரு வெயில் காயணும் டீச்சர்ங்கிறா."

"போன்ல ஏது வெயில்?"

"வெளிச்சத்தைக் கூட்டி வச்சா வெயில். கொறச்சா நிழல். காக்கா வந்தா ரிங்டோன்."

ராஜாமணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். தையல்நாயகி ஒரு காயை ஒடித்தாள். நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கோப்பை வாங்கிப் பழகிய வாய் இது. எதிரில் ஒரு ஆள் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தால் அதற்குப் பொறுக்காது.

"சார்ஜாவது நிக்குமா?" என்றாள் ராஜாமணி.

"பாத்தாலே குறையும். அதனால ஒயரைக் கழட்டுறதே இல்ல. எக்ஸ்டென்ஷன் பாக்ஸோட எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கோத்து, மார்க்கெட், டாக்டர் வீடு, எங்க போனாலும் பின்னாடியே இழுத்துக்கிட்டுப் போவேன். இன்னிக்குத் திருச்சியிலேர்ந்து பஸ்ஸுக்குப் பின்னாடியே ஓடி வந்துது."

ராஜாமணி எழுந்து போய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "ஒயரைக் காணுமே."

"தஞ்சாவூர் வரைக்கும் வந்துது. அங்க ஒரு அம்மா அதுல சேலை காயப் போட்டுட்டாங்க. ஈரச் சேலை. வெடுக்குனு இழுத்தா நல்லாவா இருக்கும்? விட்டுட்டு வந்துட்டேன்."

"கஸ்டமர் கேருக்குச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லாம இருப்பேனா? தமிழுக்கு ரெண்டை அழுத்துன்னுச்சு, அழுத்தினேன். சுபாஷிணின்னு ஒரு பொண்ணு. மேலதிகாரிக்கு மாத்துறேன், லைன்லயே இருங்க மேடம்னா. இருந்தேன். கார்த்திகை முழுக்க இருந்தேன். நான் லைன்ல இருக்கும்போதே அவளைப் பொண்ணு பாக்க வந்தாங்க. நிச்சயம் ஆச்சு. கல்யாணமும் ஆச்சு."

"கார்த்திகைக்கு அப்புறம் மார்கழி. மார்கழியில எவன் கல்யாணம் வைப்பான்?"

"அதனாலதான் தை மொத முகூர்த்தம் வரைக்கும் என்னை ஹோல்டுலயே வச்சிருந்தாங்க."

"ஹோல்டுல போட்டா அந்தப் பக்கம் பேசுறது கேக்காது டீச்சர். முப்பத்தாறு வருஷம் நான் எத்தனை பேரைப் போட்டிருக்கேன்."

"கெட்டிமேளமே கேட்டுது. அட்சதை போட ஒன்பதை அழுத்தவும்னாங்க. போட்டேன்."

"மாப்பிள்ளை யாரு?"

"அந்த மேலதிகாரிதான்."

ராஜாமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தையல்நாயகி மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. அவளைச் சிரிக்க வைக்காமல் நான் திருச்சிக்குத் திரும்பினால், இனி அந்த வீட்டுப் படியேற எனக்கு முகம் இருக்காது. கையில் மிச்சம் இருந்ததை எல்லாம் எடுத்து வைத்தேன்.

"கடைசியில சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோனேன். டோக்கன் குடுத்து உக்கார வச்சாங்க. போனைத் திறந்து பாத்த பொண்ணு அப்படியே நாக்காலியில சாஞ்சுட்டா. உள்ள என்ன தெரியுமா? நான் தையலுக்கு எழுதின பதிலெல்லாம் போகாம தேங்கிக் கிடக்கு. முறத்துல வாரி அளந்தாங்க. ஒன்றரை மரக்கால்."

"தலை தட்டியா, கும்பாச்சியாவா?"

"தலை தட்டி. அதுக்கு அடியில முன்னுரை. முழுசா நாலு பக்கம். தூசி போகட்டும்னு அந்தப் பொண்ணு ஒரு உதறு உதறினா பாருங்க, எழுத்து மேல இருந்த புள்ளியெல்லாம் உதிர்ந்து தரையெல்லாம் ஓடிச்சு. அங்க சமைக்கிற அம்மா வந்து கடுகுன்னு நினைச்சு வாரிக்கிட்டுப் போய் ரசத்துல தாளிச்சுட்டாங்க. புள்ளி இல்லாத முன்னுரையை எப்படி அனுப்புறது? தையல்நாயகியின் கவிதைகள்னு எழுதினது 'தையலநாயகியின கவிதைகள'ன்னு நிக்குது."

"ரசம் எப்படி இருந்துது?"

"இலக்கணமா இருந்துது."

ராஜாமணி சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தையல்நாயகி கையைத் துடைத்தாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தன்னுடைய போனை எடுத்து, விரலால் மேலே மேலே தள்ளி, பிறகு வாசித்தாள்.

"அக்டோபர் இருபத்தேழு. கவிதை அனுப்பினது. ரெண்டு நீல டிக். நவம்பர் ஒம்பது. 'முன்னுரை என்னாச்சு?' நீல டிக். டிசம்பர் இருபது. 'உடம்பு கிடம்பு சரியில்லையா மங்கை?' அதுக்கும் நீல டிக்." போனைக் கவிழ்த்து வைத்தாள். "படிச்சாத்தான் நீலமாகுமாம். ராஜாமணி சொல்லிக் குடுத்தா."

ராஜாமணியின் சிரிப்பு பாதியில் நின்றது. மின்விசிறியில் ஏதோ ஒரு திருகு கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"எத்தனை தடவை படிச்சேடி?"

"பதினோரு தடவை." அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த முதல் உண்மை.

"எதை?"

"கிணத்துல விழுந்த வாளியைத் தேடிப் பாதாளக்கரண்டி விட்டா, அம்மா காலத்துல தொலைஞ்ச மூணு செம்பும் மேல வந்துது, வாளி மட்டும் வரலன்னு எழுதியிருக்கியே. அதை."

"அப்புறம் என்ன கேடு? ரெண்டு வரி எழுதக் கூடாதா?"

எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கையில் பேனா நின்ற விதத்தை எப்படிச் சொல்வது? "பொறாமை," என்றேன். "வேற ஒண்ணும் இல்ல. அது நான் எழுதியிருக்க வேண்டிய கவிதை."

ராஜாமணி தொண்டையைச் செருமினாள்.

"டீச்சர், வடாம் காஞ்சதை நம்பினேன். ஒயர் ஓடி வந்ததை நம்பினேன். சுபாஷிணி கல்யாணத்தையும் போனாப் போகுதுன்னு விட்டேன். இது மட்டும் ரொம்ப அதிகம்."

தையல்நாயகியின் தோள் முதலில் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. ஆய்ந்து வைத்த கொத்தவரங்காய் எல்லாம் மடியிலிருந்து தரையில் சரிந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. குனிந்து, சிரித்துக்கொண்டே பொறுக்கினேன்.

"முன்னுரையை எங்க தெரு தாசில்தார் எழுதிக் குடுத்துட்டாரு," என்றாள் தையல்நாயகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ரிட்டையர் ஆனவர். கேட்ட மறுநாளே குடுத்தாரு. நேத்தே அச்சுக்குப் போயிடுச்சு. எந்திரி, இலை போடுறேன்."

புத்தகம் பங்குனியில் வந்தது. முன்னுரையில் 'இலக்கியம்' என்ற சொல் பதினேழு தடவை வருகிறது. அதன் பிறகு தையல்நாயகி இன்னும் இரண்டு தொகுப்புகள் போட்டாள். ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியைக் கையெழுத்திட்டு எனக்கு அனுப்பினாள். முன்னுரை கேட்கவில்லை. இப்போது மைசூரில் மகள் வீட்டில் இருக்கிறாள்.