பனி புகுந்த அடுக்களை

மேகம் இறங்கித் தங்கிப் போகும் ஒரு மலையில் சிறிய மடம் ஒன்று இருந்தது. மலை ஏறி வருகிறவர் யாராக இருந்தாலும் மதியம் இலை போட்டுவிடுவார்கள். மடத்துக்குத் தலைவி உமையாள். எல்லோரும் அவரை அம்மா என்றார்கள், வயதில் அவருக்கு மூத்தவர்களும்.

அப்படி மூத்த சீடன் ஒருவன் இருந்தான். தணிகாசலம் என்று பெயர். பாதி ஆயுளை நூற்பாலையில் கழித்தவன். வேலையை விட்ட பிறகும் அந்த இரைச்சல் அவன் காதைவிட்டு இறங்கவில்லை. அவன் மனைவி சாகும்போது உதட்டை அசைத்து ஏதோ சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை. குனிந்து காதைக் கொடுத்தான். அப்போதும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் மலை ஏறினான்.

அந்த வருஷம் மடத்து அடுக்களையைப் புதுப்பித்தார்கள். அடுப்புகளுக்கு மேலே கவிழ்த்து வைத்த ஓடம் போல ஒரு புகைக்கூண்டு. கூரையில் புகையை இழுக்கும் பெரிய ஃபேன். அதை யாரும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கூண்டுக்குள் விரல் நீளத்தில் ஒரு சென்சார் இருந்தது. அடுப்பு சூடேறினால் அது உணர்ந்து சொல்லும், ஃபேன் வேகம் எடுக்கும். சூடு தணிந்தால் ஃபேனும் தணியும். ஃபேன் அடியோடு நின்றுபோனால் கேஸ் தானே அடைபடும்.

பொருத்த வந்தவர் அதைச் சோதிக்கும் விதத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

"இதை நீங்க பார்த்துக்குங்க," என்றார் அம்மா, தணிகாசலத்திடம்.

"நான் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தவன், அம்மா."

"தெரியும்."

அவ்வளவுதான். அம்மா கறிவேப்பிலை உருவப் போய்விட்டார்.

காலையில் அடுப்பு ஏற்றும் முன் தணிகாசலம் அடுக்களைக்கு வருவான். ஆவி பறக்கும் வெந்நீர்ப் பானையை சென்சாருக்கு அடியில் தூக்கிப் பிடிப்பான். கூரையில் ஃபேன் முனகும், பிறகு எழும். பானையை இறக்கினால் அடங்கும். அடுத்து ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கூண்டின் விளிம்பில் பிடிப்பான். சாரல் நாட்களின் அந்த நீல வெளிச்சத்தில், புகை முதலில் எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும். பிறகு யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது போலத் திரும்பி, மெல்ல வளைந்து, கூண்டுக்குள் போய்விடும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றும்.

"என்ன அண்ணாச்சி, சாமிக்குக் காட்டுத மாதிரி காட்டுதீய?" என்பாள் பேச்சியம்மா. மடத்துச் சமையல் அவள் கையில். தென்காசிப் பக்கத்துக்காரி. பேசிக்கொண்டே வெட்டுவாள், பேசிக்கொண்டே கிண்டுவாள்.

அவன் சிரிப்பான்.

தொல்லை அதற்கப்புறம்தான் தொடங்கும். தியானக் கூடமும் அடுக்களையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டவை. தணிகாசலம் கண்ணை மூடி உட்காருவான். காதின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். பழைய ஆலை தெரியும். நூல் சுற்றும் கதிர்கள் எல்லாம் நின்றுபோன ஆலை. மேலேயிருந்து பஞ்சு உதிர்ந்துகொண்டே இருக்கும், சத்தமே இல்லாமல். பஞ்சின் ஊடே அவன் மனைவி நடந்து வருவாள். தலையில், தோளில், புருவத்தில் வெள்ளையாகப் பஞ்சு. எதிரே வந்து நிற்பாள். உதட்டைப் பிரிப்பாள்.

அந்த நேரம் பார்த்துப் பேச்சியம்மா தாளிப்பாள். கூரையில் ஃபேன் வீறிட்டு எழும். பஞ்சு கலையும். மனைவி இருக்கமாட்டாள்.

ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. உதடு பிரியும்போதெல்லாம் ஃபேன் எழுந்தது.

ஒரு காலை, சோதனையெல்லாம் முடித்த பிறகு, தணிகாசலம் சென்சாரைக் கவ்வியிருந்த கொக்கியைத் தளர்த்தினான். ஒயரோடு அதை வெளியே எடுத்தான். சுவரில் தண்ணீர்க் குழாய் நுழைகிற ஓட்டை இருந்தது. அதன் வழியே சென்சாரை வெளிப்பக்கம் தொங்கவிட்டான். வெளியே பனி. பனியைத் தொட்டுக்கொண்டு சென்சார் தொங்கியது. உள்ளே அத்தனை அடுப்பும் எரிந்தன. ஃபேன் எழவில்லை. தூங்குகிற மாடு மூச்சு விடுவது போல, இருக்கிற இடம் தெரியாமல் ஓடியது.

மறுநாள் காலை சென்சாரை எடுத்து உள்ளே வைத்தான். வெந்நீர்ப் பானையைக் காட்டினான். ஃபேன் எழுந்தது, அடங்கியது. ஊதுபத்திப் புகை கூண்டுக்குள் போனது. சோதனையில் ஒரு குறையும் இல்லை. முடிந்ததும் சென்சாரை மறுபடி பனிக்கு அனுப்பினான்.

பிறகு அதுவே வழக்கமாயிற்று.

கூடத்தில் இப்போது அப்படி ஓர் அமைதி. மற்ற சீடர்களும் அதை உணர்ந்தார்கள். யாரும் காரணம் கேட்கவில்லை. பஞ்சு தடையில்லாமல் உதிர்ந்தது. அவன் மனைவி நாளுக்கு நாள் கிட்டே வந்தாள். அவள் கழுத்து வியர்வையில் ஒட்டிய பஞ்சு இழைகூட அவனுக்குத் தெரிந்தது.

அது சாரல் காலம். சன்னல்களைச் சாத்தியே வைத்திருந்தார்கள். அடுக்களையில் வெள்ளையாக ஏதோ தங்கத் தொடங்கியது. முதலில் உத்தரத்துக்குக் கீழே, பிறகு தலைமட்டத்தில்.

"இந்த வருசம் பனி அடுக்களைக்குள்ளயும் வந்துட்டு," என்றாள் பேச்சியம்மா, கண்ணைக் கசக்கிக்கொண்டு. மலையில் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. பனி கோயிலுக்குள் வரும், கொட்டகைக்குள் வரும். அடுக்களைக்குள் ஏன் வரக்கூடாது?

தணிகாசலம் ஒரு மாலை அம்மாவிடம் போனான். அம்மா பாய் முடைந்துகொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கு அமைதி கிடைச்சிட்டுது."

"சொல்லுங்க."

அவன் சொன்னான். நின்றுபோன ஆலை, பஞ்சு, கிட்டே வருகிற மனைவி. அம்மா கோரையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

எல்லாம் கேட்டு முடித்த பிறகு, "பேச்சியம்மாளுக்கு இருமல் எப்படி இருக்கு?" என்றார்.

"இருமலா? நான் கவனிக்கலையே, அம்மா."

அம்மா கோரையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். தன் அனுபவத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று தணிகாசலத்துக்கு வருத்தம். எழுந்து வந்துவிட்டான்.

பௌர்ணமி வந்தது. மலை ஏறி வந்தவர்கள் முற்றம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். எல்லா அடுப்பும் எரிந்தது. பெரிய இரும்புச் சட்டியில் வடைக்கு எண்ணெய் காய்ந்தது. சமையலில் உதவும் பெண் தோட்டத்துக்கு இலை அறுக்கப் போயிருந்தாள். பேச்சியம்மா மட்டும் உள்ளே.

தணிகாசலம் கூடத்தில் கண்ணை மூடினான். பஞ்சு உதிர்ந்தது. மனைவி வந்தாள். முகத்துக்கு நேரே முகம். உதடு பிரிந்தது. அவன் உடம்பு முழுக்கக் காதானான்.

ஒன்றும் கேட்கவில்லை.

இன்னும் கூர்ந்து கேட்டான். மூச்சையும் நிறுத்திக் கேட்டான். காதின் பழைய இரைச்சல்கூட இல்லை. கரண்டி சட்டியில் படும் சத்தம் இல்லை. பாத்திரம் நகரும் சத்தம் இல்லை. பேச்சியம்மாளின் பேச்சு இல்லை.

பேச்சியம்மா பேசாமல் ஒரு சமையல் நடந்ததே இல்லையே.

அவன் கண்ணைத் திறந்தான். மனைவி இருந்த இடத்தில் சுவர் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்களை.

எழுந்து ஓடினான். கதவைத் தள்ளியதும் வெள்ளை. தரைவரை வெள்ளை. அந்த வெள்ளைக்குள் அடுப்புகள் மங்கலாக, தூரத்து ஊர் விளக்குகள் போல எரிந்துகொண்டிருந்தன. அரிசி மூட்டையில் சாய்ந்து பேச்சியம்மா உட்கார்ந்திருந்தாள். கால் நீட்டியிருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு. உதடு அசைந்துகொண்டிருந்தது.

எண்ணெய்ச் சட்டியிலிருந்து கறுப்பாக ஒரு புகை கிளம்பியது. தீப்பற்றத் தயாரான எண்ணெய்.

அவன் கேஸ் வால்வை அடைத்தான். மூடியை எடுத்துச் சட்டியின் மேல் தள்ளினான். பின்கதவை உதைத்துத் திறந்தான். பிறகு குழாய் ஓட்டையில் கைவிட்டு ஒயரை இழுத்தான். சென்சார் ஈரமாக, குளிர்ந்து உள்ளே வந்தது. அதைக் கூண்டுக்குள் கொண்டுபோனான். கணநேரம் ஒன்றும் இல்லை. பிறகு கூரையில் ஃபேன் எழுந்தது. எழுந்து எழுந்து மடமே அதிர்ந்தது. வெள்ளை அத்தனையும் திரும்பிப் பார்த்தது போல ஒருமுறை சுழன்று, மேலே போகத் தொடங்கியது.

பேச்சியம்மாளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு போய்ச் சாரலில் கிடத்தினான். நெற்றியில் மழை விழுந்தது. யாரோ வைத்தியரைக் கூப்பிட ஓடினார்கள். நெடுநேரம் கழித்து அவள் இருமினாள். கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்தாள்.

"எதுக்கு அண்ணாச்சி தூக்கிட்டு வந்தீய?" என்றாள். "எவ்வளவு அமைதியா இருந்துச்சு. எங்கம்ம வந்தா. பக்கத்துல உக்காந்து தலைய தடவுனா."

தணிகாசலம் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

அன்று வந்தவர்களுக்குக் கஞ்சிதான் கிடைத்தது. அடுப்பின் நச்சுப்புகை உள்ளே போயிருக்கிறது என்று சொல்லி வைத்தியர் பேச்சியம்மாளைக் கீழே ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பிழைத்துக்கொள்வாள் என்று மாலையில் செய்தி வந்தது. செய்தி வந்த பிறகுதான் தணிகாசலம் அம்மாவின் அறைக்குப் போனான். நடந்ததைச் சொன்னான். கொக்கியைத் தளர்த்தியது, ஓட்டை, பனி, ஒவ்வொரு காலையும் செய்த சோதனை. எதையும் விடவில்லை.

"ஃபேன் நின்னுருந்தா கேஸ் தானா அடைபட்டிருக்கும், அம்மா. அது நிக்கலை. மெதுவா ஓடிக்கிட்டே இருந்துது. அதனால யாருக்கும் தெரியலை."

"உங்களுக்கு என்ன கிடைச்சுது?" என்றார் அம்மா.

"அமைதி, அம்மா. பொய் சொல்லலை. நிஜமாவே அமைதி."

"பேச்சியம்மாளும் அப்படித்தான் சொன்னா."

தணிகாசலம் தலையைக் குனிந்தான். மலையை விட்டு இறங்கிவிடுவதாகச் சொன்னான்.

"காலையில ஃபேனை யாரு பார்ப்பா?" என்றார் அம்மா.

அவன் இறங்கவில்லை.

பேச்சியம்மா திரும்பி வந்தபோது இளைத்திருந்தாள். படி ஏற மூச்சு வாங்கியது. தணிகாசலம் அவள் வரும் வழியிலேயே காத்திருந்தான். தான் செய்ததை அவளிடமும் சொன்னான். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். கோபம் இருந்தது. அதை மறைக்கவில்லை.

"எனக்கு ரெண்டு பொட்டப்பிள்ளைய இருக்கு, அண்ணாச்சி."

"தெரியும்மா."

"சத்தம் ஆவலைன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா? நீங்க கண்ணைத் திறந்தப்புறம் தாளிச்சிருப்பேனே. இது என்ன பெரிய காரியம்."

இத்தனை நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இருப்பது தனக்குத் தெரியும் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அவள் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவனும் பின்னால் போனான். சென்சாரின் கொக்கியை இப்போது இறுக்கித் திருகாணி போட்டிருந்தான். குழாய் ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தான். அவளைக் கூண்டுக்குக் கீழே, அவள் வழக்கமாக நிற்கும் இடத்திலேயே நிற்கச் சொன்னான். ஊதுபத்தியைக் கொளுத்தி அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். முன்பெல்லாம் விளிம்பில் மட்டும்தான் பிடிப்பான். புகை அவள் பக்கம் போகாமல் விலகி, மேலே போனது. மறுபக்கம் போய்ப் பிடித்தான். அங்கும் போனது.

"எல்லா அடுப்பையும் ஏத்தும்மா. எரியும்போதும் பார்த்துடுறேன்."

அவள் ஏற்றினாள். எண்ணெய் காய்ந்தது. கடுகு போட்டாள். ஃபேன் எழுந்தது. அவன் ஊதுபத்தியோடு அடுப்பு அடுப்பாக நகர்ந்தான். புகை போகும் வழியையும் பார்த்தான், அவள் முகத்தையும் பார்த்தான்.

"கண்ணு எரியுதா?"

"இல்ல அண்ணாச்சி."

சாரல் காலம் முடிந்து, வெயில் வந்து, மலை தெளிந்தது. பேச்சியம்மா பழையபடி பேசிக்கொண்டே சமைத்தாள். தாளிப்பை அவள் தள்ளி வைக்கத் தயாராக இருந்தாள். தணிகாசலம்தான் வேண்டாம் என்றுவிட்டான். கூடத்தில் உட்காருவான். பஞ்சு சில நாள் உதிரும், பல நாள் உதிராது. மனைவி வருவது அபூர்வமாயிற்று.

ஒரு காலை அம்மா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தணிகாசலம் போய்ப் பக்கத்தில் நின்றான். கொஞ்ச நேரம் அவனும் மிளகாயைப் பரப்பினான்.

"அம்மா."

"ம்."

"இப்பவும் உட்கார்ந்தா ஃபேன் சத்தம்தான் கேக்குது."

அம்மா நிமிராமல் சொன்னார்.

"கேக்கட்டும். பேச்சியம்மா மூச்சு விடுறா."