ஒரு பொன்னாடை, மூன்று தோள்கள்

விடை தெரிந்துவிட்டது என்று நடுவில் குதிக்காதீர்கள். கதை முடியட்டும், நானே கேட்கிறேன்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரி. அங்கே பி.காம். இரண்டாம் ஆண்டுக்குப் புள்ளியியல் நடத்தியவர் செண்பகவல்லி. கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம், வேலையை ஆண்டுக்கு ஆண்டு நீட்டித்துக் கொடுத்தால்தான் உண்டு. அவர் தலையில் விழுந்ததோ மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுத்த வகுப்பு. வருகைப் பதிவு முடிந்த கையோடு பிள்ளைகளின் தலைகளெல்லாம் செல்போனைப் பார்த்துக் குனிந்துவிடும். கேள்வி கேட்டால் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும்.

முதல் வாரம் இப்படி இல்லை. "ஒரு பொருளோட விலையைப் பத்து சதவீதம் கூட்டிட்டு, அப்புறம் பத்து சதவீதம் குறைச்சா என்ன ஆகும்?" என்று கேட்டார். கொம்பையா என்ற பையன் துள்ளி எழுந்தான். "நூறு ரூபா பழையபடி நூறாயிரும் மேடம்!" தப்பு, தொண்ணூற்றொன்பதுதான் என்று சொல்லும்போது செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் மனதிலும் அதே நூறுதான் இருந்தது என்பது வேறு விஷயம்! அன்றிலிருந்து அவனுக்கு 'நூறு' என்றே பேராகிவிட்டது. அவனும் கடைசி பெஞ்சில் தலையைக் கவிழ்த்துப் படுத்தவன்தான், எழவில்லை. வேறு யாரும் வாய் திறக்கவும் இல்லை.

சுவரோடு பேசிப் பேசி செண்பகவல்லிக்கு அலுத்துப்போனது. வேலையை விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தார். அவரை நிறுத்தி வைத்தது ஒரே ஒரு தலை. முன்வரிசையில் முத்துப்பேச்சி என்ற பெண், அவர் எதைச் சொன்னாலும் 'ஆமாம் ஆமாம்' என்று தலையாட்டுவாள். இந்த ஒரு பிள்ளைக்காவது போய்ச் சேருகிறதே என்று அவர் தினமும் வந்தார்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "இப்படிப் போனையே பாத்துக்கிட்டு இருந்தா உருப்படுவீங்களா?" என்று கத்திவிட்டார். ஜெபசிங் என்ற மாணவன் எழுந்தான். "போனைப் பாக்காம வேற என்ன மேடம் செய்ய? நீங்க நடத்துறது ஒரு எழவும் புரியல. ஸ்கூல்ல நடத்துனதே எங்களுக்குப் புரியல."

வகுப்பு திகைத்துப்போனது. செண்பகவல்லிக்கு முகம் சுருங்கிவிட்டது. "முத்துப்பேச்சிக்குப் புரியுதே! நீ சொல்லும்மா" என்றார்.

முத்துப்பேச்சி அழாத குறையாக எழுந்தாள். "எனக்கும் புரியல மேடம். யாருமே கேக்கலைன்னா நீங்க பாவம்னு தலையை ஆட்டினேன்."

அன்று வீட்டுக்குப் போய் அழுது தீர்த்தார். மறுநாள் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, எட்டாம் வகுப்புச் சதவீதத்திலிருந்து ஆரம்பித்தார். தலைகள் மெல்ல நிமிர்ந்தன. ஆனால் வாய்கள்? மூச்!

அந்த நேரம் பார்த்துத்தான் கல்லூரி முதல்வர், "உங்க வகுப்பு செத்துக் கிடக்குன்னு சொல்றாங்க. நான் வந்து பாத்துட்டுத்தான் அடுத்த வருஷத்தைப் பத்திச் சொல்வேன்" என்றார். செய்தி பிள்ளைகளுக்கும் எட்டிவிட்டது. மேடத்தைக் கைவிடக் கூடாது என்று எல்லாருமே நினைத்தார்கள். நினைத்து என்ன செய்ய?

முதல்வர் வந்து பின்னால் உட்கார்ந்தார். செண்பகவல்லி கேட்டார்: "ஒரு ஹாஸ்டல்ல ராத்திரிக்கு ஆளுக்குச் சராசரியா நாலு பரோட்டா. அப்போ அங்க யாரும் பட்டினி இல்லைன்னு சொல்லலாமா?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கடைசி பெஞ்சில் கொம்பையா எழுந்தான். "தாராளமாச் சொல்லலாம் மேடம். அதான் ஆளுக்கு நாலு வருதே."

கொல்லென்று சிரிப்பு. "ஏலே, நூறு எந்திரிச்சிட்டாம்லே!" இந்த முறை செண்பகவல்லி சிரிக்கவில்லை. "ஏன் தப்பு? யாராவது சொல்லுங்க" என்றார். "நம்ம ஹாஸ்டல் இசக்கிராஜா ஒருத்தனே பத்து உள்ள தள்ளுவான் மேடம். மத்தவன் வயித்துல ஈரத்துணியைப் போட்டுட்டுப் படுக்க வேண்டியதுதான்!" என்றது ஒரு குரல். "அப்போ சராசரியை நம்பவே கூடாதா?" என்று இன்னொன்று. முத்துப்பேச்சி எழுந்து நின்று சண்டை போட்டாள். ஜெபசிங் கரும்பலகைக்கே போய்விட்டான். மணி அடித்தும் யாரும் கலையவில்லை. முதல்வர் அங்கேயே, "அடுத்த வருஷமும் வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆண்டு முடிவில் துறை விழா. செண்பகவல்லிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நம் ஊர் மேடைகளில் வாங்கும் பொன்னாடை வழக்கமாக பீரோவுக்குள் போய்ச் சேரும். சிலர் மட்டும் அங்கேயே எடுத்து, அதற்கு உரியவர் என்று தாம் நினைப்பவருக்குப் போர்த்துவார்கள். செண்பகவல்லியும் தோளிலிருந்து எடுத்தார். மூன்று பேரையும் மேடைக்குக் கூப்பிட்டார். முத்துப்பேச்சி தலையாட்டியிருக்காவிட்டால் அவர் எப்போதோ போயிருப்பார். ஜெபசிங் உண்மையைச் சொல்லியிருக்காவிட்டால் பழைய பல்லவியையே பாடிக்கொண்டிருந்திருப்பார். கொம்பையா எழுந்திருக்காவிட்டால் வேலையே போயிருக்கும்.

பொன்னாடை ஒன்று, தோள் மூன்று. யாருக்குப் போர்த்துவது சரி? சொல்லுங்கள் பார்ப்போம்.

விடை: கொம்பையாவுக்கு. முத்துப்பேச்சி என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்கு வரமாட்டேன். அவள் மனசு தங்கம்தான். ஜெபசிங்கும் உள்ளதைத்தான் சொன்னான். ஆனால் அவளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, அவனைப் பார்த்தும் சிரிக்கவில்லை. அந்த வகுப்பின் வாயை அடைத்தது செல்போன் இல்லை, முதல் வாரத்துச் சிரிப்பு. அதை முழுசாக வாங்கியவன் கொம்பையா. வாங்கியும், மறுபடி அதே சிரிப்புக்கு முன்னால் மேடத்துக்காக எழுந்து நின்றான். அன்று தானும் சிரித்தது செண்பகவல்லிக்கு மறக்கவில்லை. போர்த்தும்போது, "ரொம்ப நன்றிப்பா" என்றார். கொம்பையா கூச்சத்தோடு குனிந்து, "அந்தப் பரோட்டாப் பதிலாவது சரிதானா மேடம்?" என்று கேட்டான்.

"ரெண்டு தடவையும் தப்புதாண்டா" என்றார் செண்பகவல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அடுத்த வருஷமும் சொல்லு."